கேஸ் ஃபயர்ப்ளேஸ் வைக்கப் போறீங்களா? முதல்ல புகை போற வழியைப் பாருங்க

முதல் தடவை ஃபயர்ப்ளேஸ் வைக்கலாம்னு கிளம்பினப்போ நான் செஞ்ச முதல் வேலையே தப்பு. சோஃபாவுக்கு நேர் எதிர்ல இருக்குற சுவத்துல வச்சா அம்சமா இருக்கும்னு பென்சில்ல ஒரு கட்டம் போட்டேன், போட்டோ எடுத்தேன், எந்த மாடல்னுகூட முடிவு பண்ணியாச்சு. அதுக்கப்புறம்தான் வெளிய போய் அந்தச் சுவத்தோட மறுபக்கத்தைப் பாத்தேன். புகைக்குழாய் வெளிய வரவேண்டிய எடத்துக்கு நேர் மேல பெட்ரூம் ஜன்னல். அந்த பென்சில் கட்டம் இன்னும் புக் ஷெல்ஃபுக்குப் பின்னாடி அப்படியே இருக்கு.

அதனால இங்க எல்லாத்தையும் தலைகீழா சொல்றேன். அழகு கடைசி, புகை போற வழிதான் முதல். இன்னொண்ணு, கேஸ் லைனை இணைக்கிற வேலை லைசென்ஸ் உள்ள கேஸ் ஃபிட்டரோடது. பெரும்பாலான ஊர்கள்ல பெர்மிட்டும் இன்ஸ்பெக்ஷனும் கூட உண்டு, அதை முதல்லயே விசாரிச்சு வச்சுக்குங்க. அப்போ நம்ம வேலை என்னன்னா பிளான் பண்றது, ஃப்ரேம் அடிக்கிறது, ஃபினிஷிங் பண்றது, எல்லாத்துக்கும் மேல, வர்ற ஆளு சரியா பண்றாரான்னு தெரிஞ்சு பாக்குறது.

ஸ்டெப் 1: எந்த வகைன்னு முடிவு பண்ணுங்க

வென்ட், அதாவது புகையை வெளிய கொண்டுபோற குழாய், உள்ளதுல ரெண்டு வகை. ஒண்ணு பி-வென்ட், இது ரூம்ல இருக்குற காத்தையே இழுத்து எரியும், புகை குழாய் வழியா கூரைக்கு மேல போயிடும். இன்னொண்ணு டைரக்ட் வென்ட், இதுல முன்பக்கம் கண்ணாடி போட்டு முழுசா சீல் பண்ணியிருக்கும், பெரும்பாலும் குழாய்க்குள்ள குழாய் இருக்கும், உள் குழாய்ல புகை வெளிய போகும், வெளிக் குழாய் வழியா எரியத் தேவையான காத்து உள்ள வரும். ரூம் காத்துக்கும் நெருப்புக்கும் சம்பந்தமே இல்ல.

புதுசா வைக்கிறவங்களுக்கு நான் டைரக்ட் வென்ட்தான் சொல்லுவேன். காரணம் சிம்பிள். இப்போ வீடெல்லாம் காத்து புகாத மாதிரி டைட்டா கட்டுறாங்க, கிச்சன்ல பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது அது வீட்டுக்குள்ள இருக்குற காத்தை இழுக்கும், இழுக்குறதுக்கு வேற வழி இல்லன்னா பி-வென்ட் குழாய் வழியா புகையையே திருப்பி உள்ள இழுத்துடும். சீல் பண்ண பெட்டியில அந்தத் தொல்லை கிடையாது.

ஏற்கனவே செங்கல் சிம்னி இருந்தா அதுக்குள்ள பொருந்துற மாதிரி இன்செர்ட் கிடைக்குது, சிம்னிக்குள்ள ரெண்டு வளையுற லைனர் குழாய் இறக்குவாங்க, காத்துக்கு ஒண்ணு, புகைக்கு ஒண்ணு. வென்ட்டே இல்லாத வகையும் விக்கிறாங்க, அதோட புகை, ஈரம் எல்லாம் ரூமுக்குள்ளயே தங்கும், அதைப் பத்தி இங்க பேசல.

ஸ்டெப் 2: எவ்ளோ சூடு, எந்த கேஸ்

பொட்டி மேல மணிக்கு இத்தனை பிடியூன்னு போட்டிருக்கும், பிடியூங்கிறது சூட்டை அளக்குற யூனிட். மணிக்கு 3,412 பிடியூன்னா 1 கிலோவாட். அப்போ 30,000 பிடியூன்னா கிட்டத்தட்ட 8.8 கிலோவாட், சாதாரண ரூம் ஹீட்டர் நாலஞ்சை ஒண்ணா போட்ட மாதிரி. சின்ன ரூமுக்கு அது அநியாயம், பத்து நிமிஷத்துல புழுங்கி ஆஃப் பண்ணிடுவீங்க. இன்புட், அவுட்புட்னு ரெண்டு நம்பர் இருக்கும், ரூமுக்கு வந்து சேர்றது அவுட்புட்தான்.

கேஸ் வகையில மட்டும் ஏமாந்துடாதீங்க. பர்னருக்குப் போற அழுத்தம் நேச்சுரல் கேஸுக்கு சுமார் 3.5 இன்ச் நீர் அளவு (அத்தனை இன்ச் தண்ணியைத் தூக்கி நிறுத்துற அழுத்தம்), ப்ரொப்பேனுக்கு சுமார் 10 இன்ச். ரெண்டுக்கும் பர்னர் துளையோட சைஸே வேற. நேச்சுரல் கேஸ் யூனிட்டை, கேஸ் வகையை மாத்துறதுக்கான கன்வர்ஷன் கிட் மாட்டாம ப்ரொப்பேன்ல கொடுத்தா தீ எக்கச்சக்கமா எரிஞ்சு கரி கக்கும், அதோட ஆபத்தும் கூட. அப்புறம் வீட்டுல அடுப்பு, வாட்டர் ஹீட்டர் எல்லாம் ஒரே லைன்ல ஓடுதுன்னா, எல்லாம் சேந்து எரியும்போது அந்தக் குழாய் தாங்குமான்னு ஃபிட்டரைக் கணக்கு போடச் சொல்லுங்க. இல்லன்னா ஃபயர்ப்ளேஸ் போட்டதும் அடுப்புல தீ சுருங்கும்.

ஸ்டெப் 3: வெளிய இருந்து உள்ள பிளான் பண்ணுங்க

இதுதான் முக்கியமான ஸ்டெப், கொஞ்சம் நிதானமா படிங்க.

முதல்ல வீட்டுக்கு வெளிய போய் நில்லுங்க. குழாய் முடியுற தொப்பி எங்க வரலாம்னு பாருங்க. தொறக்குற ஜன்னல், கதவு, ஏசி இல்ல ஃப்ரெஷ் ஏர் உள்ள இழுக்குற துளை, கேஸ் மீட்டர், கூரை விளிம்பு, வீட்டு மூலை, இது எல்லாத்துக்கும் இத்தனை தூரம்னு மேனுவல்ல ஒரு படமே போட்டிருப்பான். ஆளுங்க நடக்குற பாதைன்னா தலைக்கு மேல இருக்கணும். பனி கொட்டுற எடம்னா தொப்பி மூடிக்காத உயரத்துல வரணும். மூணு பக்கமும் அடைச்ச முற்றத்துல வச்சீங்கன்னா புகை சுத்திச் சுத்தி அங்கயே நிக்கும், அந்த ஐடியாவையே விட்டுடுங்க.

அடுத்தது குழாய் போற பாதை. எவ்ளோ நீளம் போகலாம், எத்தனை எல்போ (குழாயைத் திருப்புற வளைவு) போடலாம், படுக்கையா போறதுக்கு முன்னாடி எவ்ளோ உயரம் நேரா ஏறணும், இதுக்கெல்லாம் ஒவ்வொரு மாடலுக்கும் தனி டேபிள் இருக்கு. புகை ஏறுறதே சூட்டுனால வர்ற இழுவையிலதான், ஒவ்வொரு எல்போவும் அந்த இழுவையில கொஞ்சம் தின்னுடும். ரொம்ப உயரமா நேரா போனாலும் இழுவை அதிகமாகி தீ ஒழுங்கா நிக்காது, அதுக்கு ரெஸ்ட்ரிக்டர்னு ஒரு தகடு வைப்பாங்க. ஒரு கம்பெனி யூனிட்டுக்கு அவங்க அனுமதிச்ச குழாயைத்தான் போடணும், சைஸ் ஒத்துவந்தா போதும்னு வேற எதையாவது சொருகக்கூடாது.

மூணாவது, தீப்பிடிக்கிற பொருள்ல இருந்து தூரம். மரம், ஜிப்சம் போர்டு மேல ஒட்டியிருக்குற பேப்பர், திரைச்சீலை எல்லாமே இந்தக் கணக்குல வரும். படுக்கையா போற டைரக்ட் வென்ட் குழாய்க்கு பல மாடல்கள்ல மேல 3 இன்ச், பக்கத்துலயும் கீழயும் 1 இன்ச் கேப் கேப்பாங்க, உங்க மாடலுக்கு என்னன்னு மேனுவல்ல பாத்துக்குங்க. மேல ஏன் அதிகம்னா சூடு மேல ஏறும், அவ்ளோதான். பொட்டியில ஜீரோ கிளியரன்ஸ்னு எழுதியிருந்தா சுத்தி பஞ்சு அடைச்சுடலாம்னு அர்த்தம் இல்ல. வெளிப்பக்கம் சின்னச் சின்ன தகடு நீட்டிட்டு இருக்கும், மரம் அதுவரைக்கும்தான் வரலாம், நடுவுல இருக்குற காத்து கேப் காலியாத்தான் இருக்கணும். அதுக்குள்ள இன்சுலேஷன் பஞ்சு விழுந்திருந்தா எடுத்துட்டுத்தான் மறுவேலை.

மேல டிவி மாட்டணும்னு ஆசைப்படுறவங்க மேண்டல் பலகைக்கான (ஃபயர்ப்ளேஸுக்கு மேல வர்ற அலமாரிப் பலகை) தூரத்தையும் டிவி தாங்குற சூட்டையும் சேத்துப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. என்னைக் கேட்டா வேணாம்னுதான் சொல்லுவேன், கழுத்து வலியும் வராது.

ஸ்டெப் 4: ஃப்ரேம், துளை, குழாய்

யூனிட்டை வைக்கப்போற எடத்துல தரை மட்டமா இருக்கான்னு பாத்து, மேனுவல் அளவுக்கு ஃப்ரேம் அடிங்க. சுவத்துல பெரிய துளை போடுறதுக்கு முன்னாடி நடுவுல ஒரு மெல்லிசு துளை போட்டு வெளிய எங்க வருதுன்னு பாருங்க, உள்ள வயர், தண்ணிக் குழாய், தாங்குற மரம் எதுவும் குறுக்க இல்லன்னு உறுதி பண்ணுங்க. ரெண்டு நிமிஷ வேலை, ஆனா பெரிய துளையைத் திருப்பி அடைக்கிறது ஒரு நாள் வேலை. குழாய் சுவத்தைத் தாண்டுற எடத்துல திம்பிள்னு ஒரு உலோகச் சட்டம் வரும், மரத்துக்கும் குழாய்க்கும் நடுவுல கேப்பைப் பிடிச்சு வைக்கிறது அதுதான், அதை விட்டுட்டு ஃபோம் அடிச்சு மூடிட்டுப் போற ஆளும் இருக்காங்க, கண்ணுல பட்டா நிறுத்துங்க.

குழாய் ஒவ்வொண்ணும் உள்ள சொருகி திருகினா லாக் ஆகுற மாதிரி வரும். லாக் ஆச்சான்னு இழுத்துப் பாருங்க. மேனுவல் சொன்ன ஜாயின்ட்ல மட்டும் சூடு தாங்குற சீலன்ட் தடவணும், ஸ்க்ரூ போடச் சொன்னா வெளிக் குழாயோட நிக்கணும், நீளமான ஸ்க்ரூ போட்டு உள் குழாயைத் துளைச்சா புகையும் காத்தும் கலந்துடும். படுக்கையா போற குழாய் தொப்பியை நோக்கி லேசா ஏறணும்னு பல மாடல்ல கேப்பாங்க, 1 அடிக்கு கால் இன்ச். எங்க வீட்டுல ரசமட்டம் வச்சுப் பாத்தப்போ குமிழி தப்பான பக்கம் போச்சு, அதாவது குழாய் வெளிய போகப் போக இறங்கியிருந்துச்சு. நடுவுல தாங்குற பட்டை ஒண்ணு போடாததுதான் காரணம். அப்படி விட்டா சூடான புகை இறக்கத்துல போக மறுத்து நடுவுலயே தேங்கும்.

ஸ்டெப் 5: கேஸ் லைன் (இங்க நீங்க வேடிக்கை மட்டும்)

ஃபிட்டர் வேலை செய்யும்போது பக்கத்துல நின்னு சில விஷயம் பாருங்க. கைக்கு எட்டுற எடத்துல தனி ஷட் ஆஃப் வால்வு இருக்கணும். இரும்புக் குழாய் மரைக்கு கேஸுக்குன்னு இருக்குற சீலன்ட்தான் போடணும், ஆனா குழாய் முனையைப் புனல் மாதிரி விரிச்சு இணைக்கிற ஃப்ளேர் ஜாயின்ட்டுக்கு எதுவுமே தடவக்கூடாது, அது உலோகத்தோட உலோகம் உக்காந்துதான் அடைக்கும். லைனை அதிக அழுத்தத்துல டெஸ்ட் பண்றப்போ யூனிட்டோட வால்வைக் கழட்டி வச்சிருக்கணும், சதுர இன்ச்சுக்கு அரை பவுண்டைத் தாண்டினாலே அந்த வால்வு உள்ள கெட்டுப் போகலாம்.

கடைசியா லீக் டெஸ்ட். பாத்திரம் கழுவுற சோப்பைத் தண்ணியில கரைச்சு பிரஷ்ல ஒவ்வொரு ஜாயின்ட்லயும் தடவுவாங்க, பக்கத்துல முகத்தை வச்சு ஒரு நிமிஷமாவது பாருங்க. பெரிய லீக்னா உடனே நுரை பொங்கும். சின்னதுன்னா முதல்ல ஒண்ணும் தெரியாது, அப்புறம் மரை ஓரத்துல கடுகு சைஸ்ல ஒரு குமிழி மெதுவா ஊதும், பக்கத்துல இன்னொண்ணு. அந்தக் கடுகைத்தான் தேடணும். தீக்குச்சி கொளுத்திப் பாக்குறவர் வந்தா காசு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிடுங்க.

முக்கியமா, சுவத்தை மூடுறதுக்கு முன்னாடியே இன்ஸ்பெக்ஷன் முடியணும், ஒரு தடவை எரிச்சும் பாத்துடணும். டைல் ஒட்டினதுக்கு அப்புறம் லீக் தெரிஞ்சா அழுகைதான் வரும்.

ஸ்டெப் 6: மரக்கட்டை அடுக்கி, முதல் தீ

உள்ள வைக்கிற கட்டை நிஜ மரம் இல்ல, செராமிக். படத்துல போட்ட மாதிரியே அடுக்குங்க, கலைநயத்தைக் காட்டாதீங்க. தீ நாக்கு கட்டையில நேரா மோதினா சரியா எரியாம கரி படியும், ரெண்டே நாள்ல கண்ணாடி கறுத்துடும். கங்கு மாதிரி இருக்குற பஞ்சை பைலட் (பர்னரைப் பத்தவைக்கிற சின்னத் தீ) மேலயும் பர்னர் துளை மேலயும் போடக்கூடாது. போட்டா கேஸ் முதல்ல தேங்கி, அப்புறம் ஒரே அடியா பத்திக்கும்.

கண்ணாடியில கைரேகை இருந்தா துடைச்சுட்டுத்தான் ஏத்துங்க, இல்லன்னா அது சூட்டுல அப்படியே பதிஞ்சுடும். முதல் சில மணி நேரம் பெயின்ட் காயுற வாடை குப்புன்னு வரும், ஜன்னலைத் தொறந்து வச்சு, குழந்தைகளையும் செல்லப் பிராணிகளையும் வேற ரூமுக்கு அனுப்பிடுங்க. தீ ஆரம்பத்துல நீலமா இருக்கும், கால் மணி நேரம் சூடேறினதும் மஞ்சளாகும், பயப்படாதீங்க. பைலட் அணைஞ்சுட்டா உடனே ஏத்தாதீங்க, கேஸை மூடிட்டு 5 நிமிஷம் காத்திருங்க.

கண்ணாடி தொட்டதும் தோலைப் பொசுக்குற அளவு சூடாகும், அணைச்ச பிறகும் ரொம்ப நேரம் ஆறாது. கூட வர்ற வலைத் தடுப்பு அழகைக் கெடுக்குதுன்னு கழட்டி வைக்காதீங்க, நடை பழகுற குழந்தை முதல்ல கையை ஊன்றது கண்ணாடியிலதான்.

அலாரமும் வாசனையும்

கேஸ் சரியா எரியாதப்போ வர்ற விஷ வாயுதான் கார்பன் மோனாக்சைடு, அது வாசனை இல்லாதது, ரத்தத்துல ஹீமோகுளோபினோட ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். அதனால ஃபயர்ப்ளேஸ் இருக்குற ரூம்லயும், தூங்குற ரூம் பக்கத்துலயும் அலாரம் வைங்க. வீட்டுல எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலைவலி, குமட்டல், வெளிய போனா சரியாயிடுது, இப்படி இருந்தா அது சளி காய்ச்சல் இல்ல, உடனே எல்லாரும் வெளிய போயிடுங்க.

கேஸ் லீக்குக்கு மட்டும் வாசனை உண்டு, அழுகின முட்டை மாதிரி, அது வேணும்னே சேக்குறது. ப்ரொப்பேன் காத்தை விட கனம், தரையோட தேங்கும், நேச்சுரல் கேஸ் மேல ஏறும். எதுவா இருந்தாலும் சுவிட்சைத் தொடாதீங்க, போடவும் வேணாம் அணைக்கவும் வேணாம், எல்லாரையும் கூட்டிட்டு வெளிய போய் அங்க இருந்து போன் பண்ணுங்க.

வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ். சிரிக்காதீங்க, பெரிய எதிரி சிலந்திதான். கோடையில சும்மா கிடக்குறப்போ பர்னர் குழாய்க்குள்ள போய் வலை கட்டிடும், காத்து கலக்குற வழி அடைபட்டு தீ சோம்பேறியா, கரியா எரியும். தொப்பியில குருவிக் கூடு, கண்ணாடி ஓரத்துல சீல் பண்ற காஸ்கெட், ரிமோட் பேட்டரி, இதையும் பாக்கச் சொல்லுங்க. கண்ணாடியில வெள்ளையா படியுறதை நல்லா ஆறினதுக்கு அப்புறம் துடைங்க, அம்மோனியா கலந்த க்ளீனர் மட்டும் வேணாம்.

ஷட் ஆஃப் வால்வு எங்க இருக்கு, எப்படித் திருப்பணும்னு வீட்டுல எல்லாருக்கும் காட்டி வைங்க. எங்க வீட்டுல அதுக்கு சிவப்பு டேப் சுத்தி, மேனுவலை ஒரு கவர்ல போட்டு பக்கத்துலயே தொங்கவிட்டிருக்கோம். ராத்திரி தங்க வர்ற விருந்தாளிக்கு நான் பாத்ரூமுக்கு முன்னாடி அதைத்தான் காட்டுவேன்.