காய்கறி, பந்தல், பெஞ்சு: மலைவீட்டுக்கு ஒரே மரத்தொட்டி

நீலகிரியில் கொல்லைப்புறத்தில் தொட்டி செய்வதென்றால் மண் நிரப்ப ஒரு பெட்டி அடித்து வைத்தால் போதாது. ஆடி மாத மழையில் மண் கரைந்து ஓடும், மார்கழிப் பனியில் பீன்ஸ் ஒரே இரவில் கருகும், இரண்டுக்கும் தப்பியதைக் குரங்கு பிடுங்கிவிடும். அதனால் நான் எல்லாரிடமும் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: தொட்டியின் நாலு கால்களையும் பெட்டியோடு வெட்டிவிடாமல் மேலே உயரமாக விடுங்கள். அந்த நாலு கால்தான் கொடிக்குப் பந்தல், மழைக்குக் கூரை, பனிக்குப் போர்வை, குரங்குக்கு வலை எல்லாவற்றையும் தாங்கப் போகிறது. கூடவே ஒரு ஓரத்தில் உட்காரப் பெஞ்சும், அதன் அடியில் களைக்கொத்தி, பூவாளி வைக்க இடமும் வந்துவிடும்.

முதலில் மரம். சொந்தத் தோட்டத்து மரமாக இருந்தாலும் நினைத்தபடி வெட்ட முடியாது, 1955-ஆம் வருடத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதி வேண்டும். மரக்கடையில் பில்லோடு வாங்குங்கள், இல்லாவிட்டால் பழைய வீடு இடிக்கும் இடத்தில் தேக்குச் சட்டமும் பலகையும் கிடைக்கிறதா பாருங்கள். என்னைக் கேட்டால் அதுதான் முதல் தேர்வு. பழைய பெயிண்ட் இருந்தால் ஈயம் கலந்திருக்கலாம், சாப்பிடும் கீரைக்குப் பக்கத்தில் அது வேண்டாம். சைப்ரஸ் பலகை நல்லது. சில்வர் ஓக் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் ஈர மண்ணோடு ஒட்டி இருந்தால் சீக்கிரம் உளுத்துப்போகும். பேக்கிங் பலகை எடுத்தால் முத்திரையைப் பாருங்கள், 'எச்டி' (HT) என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, 'எம்பி' (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற விஷப்புகை போட்டது. இரண்டாவதைத் தொடவே வேண்டாம்.

அளவுக்கு வருவோம். ஒரு அங்குல கனம், 6 அங்குல அகலப் பலகை. நீளப் பக்கத்துக்கு 5½ அடியில் நாலு, 4 அடியில் இரண்டு. குறுக்குக்கு 2 அடித் துண்டுகள் எட்டு. அடித்தளம், பெஞ்சு மூடி, சேதாரம் எல்லாம் சேர்த்து 80 அடி ஓட்டம் வாங்கிக்கொள்ளுங்கள். கால்களுக்கு 2½ அங்குலச் சதுரச் சட்டம்: 6½ அடியில் இரண்டு, 6 அடியில் இரண்டு, பெஞ்சுப் பக்கத்துக்கு 16 அங்குலத்தில் இரண்டு. உள்மூலைகளுக்கும் அடித்தளத்துக்கும் 2 அங்குல ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம்.

நீளப் பக்கத்தில் கீழ் இரண்டு வரிசையும் 5½ அடி, மேல் வரிசை மட்டும் 4 அடி. 4 அடி முடியும் இடத்தில் குறுக்கே ஒரு தடுப்பு. இப்படிச் செய்தால் மண் நிற்கும் பகுதி 18 அங்குல உயரம் இருக்கும், மிச்சமுள்ள ஒன்றரை அடி நீளம் தாழ்ந்து, மூடியோடு சேர்த்துத் தரையிலிருந்து 17 அங்குலத்தில் உட்கார வசதியான பெஞ்சாகிவிடும். உயரமான நாலு கால்களும் மண் பகுதியின் நாலு மூலையில் வரும்.

பலகைகளைக் கால்களின் உள்பக்கத்தில் வைத்து அடியுங்கள், வெளியில் அல்ல. இது முக்கியம். மண் நனைந்து வெளியே தள்ளும்போது பலகை காலோடு அழுந்தி நிற்கும்; வெளியில் அடித்தால் அந்த முழு பாரத்தையும் ஸ்க்ரூதான் இழுத்துப் பிடிக்க வேண்டும், ஒரு மழைக்காலத்தில் கழன்று வரும். 2½ அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடுங்கள், சாதா இரும்பு இந்த ஈரத்தில் துருப்பிடிக்கும். டிரில்லில் சின்ன ஓட்டை போட்டுவிட்டு முறுக்குங்கள், இல்லையென்றால் பலகை நுனியில் பிளக்கும். 4 அடிப் பக்கத்தின் நடுவில் மூன்று பலகையையும் சேர்த்து ஒரு ரீப்பர், எதிர்ப்பக்கத்துக்கு ஒரு குறுக்குக் கட்டை, இது இல்லாமல் நடுவயிறு வீங்கிவிடும்.

கால்கள் பெட்டிக்குக் கீழே 4 அங்குலம் இறங்கட்டும், தட்டைக் கல்லின் மேல் வையுங்கள், நடுவிலும் கல்லை முட்டுக் கொடுங்கள். அடித்தளப் பலகைகளுக்கு இடையே அரை அங்குல இடைவெளி, அதன்மேல் எலி, பெருச்சாளி ஏறாமல் வெல்ட் மெஷ் என்ற கம்பி வலை, அதன்மேல் நிழல்வலைத் துண்டு. பெஞ்சுத் தடுப்பில் மட்டும் மண் பக்கம் கனமான பாலித்தீன் அடியுங்கள், கருவிகள் துருப்பிடிக்காது. வெளிப்பக்கத்துக்கு ஆளி விதை எண்ணெய் இரண்டு மூன்று பூச்சு, வெட்டுமுகங்களில் இன்னும் தாராளமாக, ஏனென்றால் தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காய வையுங்கள். மாசி, பங்குனி வெயிலில் இந்த வேலையை முடிப்பது நல்லது.

மண் நிரப்பி நனைந்தால் 300 கிலோவுக்கு மேல் வரும், அப்புறம் நகர்த்த முடியாது. ஆகவே நிற்கப்போகும் இடத்திலேயே பூட்டுங்கள். நீளப் பக்கம் கிழக்கு மேற்காக, 6½ அடிக் கால் இரண்டும் வடக்கே. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும், வடக்கே கட்டிய பட்டாணி, பீன்ஸ் கொடியின் நிழல் கேரட் மேல் விழாது. வடக்குக் கால்களுக்கு இடையே துருப்பிடிக்காத ஜிஐ (துத்தநாகம் பூசிய) கம்பி கட்டினால் கொடிக்குப் பந்தல் தயார். மேலே நாலு காலையும் ரீப்பரால் இணைத்துவிட்டால் தெற்கே அரையடி சரிவு கிடைக்கும், மழைக்கு யூவி ஷீட் (வெயில் தாங்கும் பிளாஸ்டிக் ஷீட்) போடும்போது தண்ணீர் தேங்காது. பக்கங்களைத் திறந்தே விடுங்கள், ஜூன், ஜூலைக் காற்று மூடிய கூரையைத் தூக்கிவிடும்.

உறைபனி வேறு கதை. ஊட்டிப் பக்கம் தலைகுந்தா, காந்தல் மாதிரிப் பள்ளமான இடங்களில் மேகமில்லாத, காற்றில்லாத இரவில் குளிர்காற்று கீழே இறங்கித் தங்கும். பொழுது சாய்வதற்கு முன்பே சாக்கையோ பழைய போர்வையையோ கால்கள் மேல் போட்டு நாலு பக்கமும் பெட்டி விளிம்புக்குக் கீழே வரை இறக்குங்கள், பகலில் மண்ணில் ஏறிய சூடு உள்ளேயே நிற்கும். துணி இலையைத் தொடக்கூடாது, அதற்குத்தான் அந்த உயரம். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

குரங்குக்கு நைலான் வலை நிற்காது, ஒரு அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையைச் சட்டத்தில் அடித்து, ஒரு பக்கம் கீல் வைத்துக் கதவாக்குங்கள். காட்டெருமைக்கு இந்தச் சட்டம் தாங்காது, தொட்டி வேலிக்கு உள்ளேதான் இருக்க வேண்டும்.

மண்ணுக்குச் செம்மண், மக்கிய தொழு உரம், தென்னை நார்க்கழிவு சம அளவு, கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு. இங்கே மண் புளிப்பு அதிகம், பரிசோதித்துப் பார்த்து, புளிப்பைக் குறைக்க டோலமைட் சுண்ணாம்புத் தூள் சேருங்கள். உருளைக்கிழங்கு போடப் போகிறீர்கள் என்றால் பழைய கிழங்கு நிலத்து மண்ணைக் கொண்டுவராதீர்கள். ஊட்டிப் பக்கம் 1961-இல் கண்டுபிடித்த, கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு அந்த மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும், தொட்டிக்கு வந்துவிட்டால் மண்ணையே மாற்ற வேண்டியதுதான்.

வருடத்துக்கு ஒரு தடவை, மழை ஓய்ந்ததும், கால்களின் அடியை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அந்தப் பாகத்தை மட்டும் அறுத்துவிட்டுக் கல்லை உயர்த்தி வைத்தால் போதும்.