பழைய கணக்கே இல்லாத புதுத் தொழிலுக்கு வரவு செலவு மதிப்பிடுவது எப்படி?

தர்மபுரியில் முளைகட்டிய ராகி மாவு தயாரித்து விற்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விற்பனைக் கணக்கு எதுவும் கையில் இல்லை. "மாவட்டத்தில் இத்தனை லட்சம் பேர், நூற்றுக்கு ஒருவர் வாங்கினாலே போதும்" என்று மட்டும் தொடங்காதீர்கள். அந்த ஒருவர் ஏன் வாங்குவார் என்பதற்கு அதில் பதிலே இல்லை. ஒரு பாக்கெட்டிலிருந்து தொடங்குங்கள். கீழே உள்ள தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு பாக்கெட்டில் என்ன மிஞ்சும்?

அரை கிலோ பாக்கெட்டைக் கடைக்காரருக்கு 60 ரூபாய்க்குக் கொடுக்கிறீர்கள். ராகி, அரவைக் கூலி, கவர், வண்டிச் செலவு எல்லாம் 38 ரூபாய். மிச்சம் 22. ராகியை முளைகட்டி, காயவைத்து, அரைத்துச் சலித்தால் எடை குறையும். எவ்வளவு குறையும் என்று யாரையும் கேட்க வேண்டாம். 5 கிலோ ஊறவைத்துச் செய்து பார்த்து, கடைசியில் மாவை எடை போடுங்கள். ஒரு வாரத்தில் உங்களுக்கே சொந்தமான கணக்கு ஒன்று கிடைத்துவிடும்.

படி 2: மாதச் செலவு

வாடகை 3,000, கரண்ட் 1,500, உதவியாள் கூலி 5,000, உங்கள் சம்பளம் 7,000. ஆக 16,500. உங்கள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போடும் கணக்கு பொய்க்கணக்கு. 16,500-ஐ 22-ஆல் வகுத்தால் 750. மாதம் 750 பாக்கெட் போனால்தான் முதலுக்கு மோசமில்லை.

படி 3: ஒரே எண்ணை எழுதாதீர்கள், மூன்று எழுதுங்கள்

ஒரு கடையில் வாரத்துக்கு எத்தனை போகும்? மோசமாக இருந்தால் 4, சாதாரணமாக 8, நன்றாகப் போனால் 15. நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 8.5 வருகிறது. 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் முறையில், வேலை முடிய ஆகும் காலத்தை இப்படித்தான் மதிப்பிட்டார்கள். விற்பனைக்கும் இது உதவும்.

நான்கு வாரத்துக்கு ஒரு கடையில் 34 பாக்கெட். 20 கடை என்றால் 680, அதாவது நஷ்டம். 23 கடை என்றால் 782, கட்டுபடியாகும்.

படி 4: எந்த ஊகம் தப்பினால் அடி பலமாக விழும்?

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி. ஒவ்வொரு எண்ணாக மாற்றிப் பாருங்கள். ராகி விலை ஏறி, பாக்கெட்டுக்கு 4 ரூபாய் கூடினால் மிச்சம் 18 ஆகும். அப்போது மாதம் 917 பாக்கெட் விற்க வேண்டும், 23 கடையும் போதாது. மானாவாரி ராகி அறுவடை முடிந்து சரக்கு வரும்போது மொத்தமாக வாங்கி வைக்கலாம், ராகி நெடுநாள் கெடாது. ஆனால் பணம் மூட்டையில் முடங்கும்.

அடுத்தது விற்பனை. பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம் பக்கம் ஐந்து மளிகைக் கடைகளில் பத்துப் பத்துப் பாக்கெட் வையுங்கள். முதல் பத்து விற்றதை நம்ப வேண்டாம், புதுச் சரக்கென்று வாங்கியிருப்பார்கள். கடைக்காரர் மறுபடி கேட்கிறாரா, எத்தனை பாக்கெட் திரும்பி வருகிறது என்பதை எழுதுங்கள்.

படி 5: கைப்பணம்

கடைக்காரர் ஒரு மாதம் கழித்துப் பணம் தந்தால், 782 பாக்கெட்டின் சரக்குச் செலவு 29,716, மாதச் செலவு 16,500, ஆக 46,216 ரூபாய் வரவு வருவதற்கு முன்பே வெளியே போய்விடும். இரண்டு மாதத்துக்காவது தாங்கும் பணம் இல்லாமல் இறங்காதீர்கள்.

முதல் மாதம் முடிந்ததும் 4, 8, 15-ஐ அழித்துவிட்டு, உங்கள் கடைகளில் உண்மையில் விற்றதை வைத்து மூன்று எண்களையும் புதிதாக எழுதுங்கள்.