கதவு வழியே விழும் அந்தத் தாள்

இங்கிலாந்துக்கு வந்த முதல் சில மாதங்கள் ஜிபி என்கிற குடும்ப டாக்டரிடம் பதிவு, வங்கிக் கணக்கு, பிள்ளைக்குப் பள்ளி இடம் என்று ஓடிப்போகும். அந்த ஓட்டத்துக்கு நடுவே ஒருநாள் கதவிலுள்ள தபால் துவாரம் வழியே ஒரு தாள் வந்து விழும். ஆஸ்பத்திரியில் பிரசவப் பிரிவை மாற்றப் போகிறோம், கருத்துச் சொல்லுங்கள் என்று இருக்கும். இல்லையென்றால் நகர மையத்துக்குப் புதிய திட்டம், வந்து பாருங்கள் என்று இருக்கும். பீட்சா விளம்பரத்தோடு சேர்த்து அதையும் மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிடுவோம். நானும் போட்டேன். அடுத்த ஆண்டு என் மனைவியின் ஸ்கேன் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடத்துக்கு மாறிய பிறகுதான் அது என்ன தாள் என்று புரிந்தது.

நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்திலோ வேல்ஸிலோ இருப்பவர்களுக்கு ஏற்பாடு வேறு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இங்கே கவுன்சில், அதாவது உள்ளூராட்சி மன்றம், ஆஸ்பத்திரி நடத்துவதில்லை. ஆஸ்பத்திரியை என்எச்எஸ் என்கிற அரசு சுகாதாரச் சேவையின் டிரஸ்ட் ஒன்று நடத்துகிறது. எந்தப் பகுதிக்கு எந்தச் சேவை, எவ்வளவு பணம் என்று முடிவு செய்வது ஐசிபி என்கிற வாரியம். 2022 ஜூலையில் இங்கிலாந்து முழுக்க 42 வாரியங்களாகத் தொடங்கினார்கள். கவுன்சிலின் கையில் இருப்பது பொதுச் சுகாதாரமும் முதியோர் பராமரிப்பும். அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிந்துவிட்டது, ஆனால் வீட்டில் உதவிக்கு ஆள் ஏற்பாடாகாததால் அனுப்பவில்லை என்றால், அந்த இடத்தில் கவுன்சிலும் வந்துவிடுகிறது.

ஆனால் ஆஸ்பத்திரி விஷயத்தில் கவுன்சிலுக்கு வேறொரு அதிகாரம் உண்டு: கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்பது. இதற்கென்று கவுன்சிலர்கள் கொண்ட ஒரு கமிட்டி இருக்கும். பெயர் ஊருக்கு ஊர் மாறும், 'ஸ்க்ரூட்டினி' என்ற சொல் மட்டும் அநேகமாக எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். துருவிக் கேட்கும் குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தக் கமிட்டி தகவல் கேட்டால் என்எச்எஸ் தர வேண்டும், அழைத்தால் அதிகாரிகள் வர வேண்டும். கமிட்டி பரிந்துரை செய்து பதில் கேட்டால் 28 நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். ஒரு சேவையைப் பெரிய அளவில் மாற்றப் போனால், முடிவெடுக்கும் முன் கமிட்டியிடம் கலந்து பேச வேண்டும் என்பது சட்டம்.

மாற்றத்தைத் தடுக்கும் அதிகாரம் மட்டும் கிடையாது. முன்பு கமிட்டி ஒத்துக்கொள்ளாவிட்டால் விஷயத்தை சுகாதார அமைச்சருக்கு அனுப்பும் உரிமை இருந்தது. 2024 ஜனவரி 31 முதல் அது போய்விட்டது. அதற்குப் பதில், அமைச்சர் தலையிட வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் எழுதிக் கேட்கலாம் என்று மாற்றிவிட்டார்கள். நீங்களும் கேட்கலாம். உள்ளூரில் பேசித் தீர்க்க முயன்ற தடயம் இல்லாமல் எழுதினால் பெரிதாக எதுவும் நடக்காது என்பது என் கணிப்பு.

கேள்வி கேட்பதால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஹாரோ, வெம்பிளி, ஈலிங் பக்கம் குடியேறும் நம்மவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. வடமேற்கு லண்டனில் பல ஆஸ்பத்திரிகளின் சேவைகளைக் குறைக்க ஒரு பெரிய திட்டம் போட்டார்கள். 2014 செப்டம்பரில் சென்ட்ரல் மிடில்செக்ஸ், ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுகள் மூடப்பட்டன. 2015 ஜூலையில் ஈலிங் பிரசவப் பிரிவு. அடுத்து ஈலிங், சேரிங் கிராஸ் என்று பட்டியல் நீண்டது. ஈலிங், பிரென்ட், ஹாமர்ஸ்மித் அண்ட் ஃபுல்ஹாம், ஹவுன்ஸ்லோ கவுன்சில்கள் சேர்ந்து வழக்கறிஞர் மைக்கேல் மான்ஸ்ஃபீல்டு தலைமையில் தனி விசாரணைக் குழு ஒன்றை வைத்தன. இழுபறி ஆண்டுக்கணக்கில் நடந்தது. கடைசியில் 2019 மார்ச்சில் அரசே திட்டத்தைக் கைவிட்டது. சேரிங் கிராஸ் அவசரப் பிரிவு தப்பியது. ஏற்கெனவே மூடியவை திரும்பி வரவில்லை.

தென்கிழக்கு லண்டனிலுள்ள லூயிஷம் கதை இன்னும் சுருக்கம். பக்கத்து டிரஸ்ட் கடனில் மூழ்கியதற்கு லூயிஷம் ஆஸ்பத்திரியின் சேவைகளைக் குறைக்க முடிவு செய்தார்கள். மக்கள் இயக்கமும் கவுன்சிலும் நீதிமன்றம் போயின. அமைச்சர் தன் அதிகார எல்லையைத் தாண்டிவிட்டார் என்று 2013 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொன்னது, அக்டோபரில் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு.

கமிட்டி தூங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஸ்டாஃபோர்டு ஆஸ்பத்திரியில் நோயாளிகள் பட்ட அவலத்தை விசாரித்த ஃபிரான்சிஸ் அறிக்கை 2013 பிப்ரவரியில் வந்தது. உள்ளூர் ஸ்க்ரூட்டினி கமிட்டிகள் கூர்ந்து கேட்கத் தவறின என்று அது வெளிப்படையாகவே குறை சொன்னது.

கூட்டத்துக்குப் போவது

நான் முதலில் போனது ஒரு புதன்கிழமை மாலை. டவுன் ஹாலில் குதிரை லாடம் போல வளைத்துப் போட்ட மேசை, ஆளுக்கொரு மைக், பேசும்போது மைக்கின் கழுத்தில் சிவப்பு விளக்கு எரியும். பார்வையாளர் வரிசையில் என்னோடு இரண்டே பேர். ஒருவர் ஓய்வுபெற்ற நர்ஸ், இன்னொருவர் மடியில் கம்பளிப் பின்னலோடு ஒரு பாட்டி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் ஸ்லைடு மேல் ஸ்லைடாகக் காட்டி, சேவை இடம் மாறினாலும் பயணம் சராசரியாக ஆறு நிமிடம்தான் கூடும் என்றார். ஒரு கவுன்சிலர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அது காரிலா, பஸ்ஸிலா?" என்று கேட்டார். வந்தவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் தாளைப் புரட்டினார். காரில்தான். அதுவும் காலை நெரிசல் அடங்கிய பிறகு. பஸ்ஸில் எவ்வளவு ஆகும் என்று கணக்கெடுத்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று தலைவர் குறித்துக்கொள்ளச் சொன்னார். வெளியே வரும்போது பாட்டி பின்னலைப் பையில் திணித்தபடி மெதுவாகச் சொன்னார்: போன வாரம் அந்தக் கேள்வியை அந்தக் கவுன்சிலருக்கு மெயிலில் அனுப்பியதே அவர்தானாம்.

அந்தப் பாட்டி செய்ததுதான் சரியான வழி. நான் செய்தது தவறான வழி. நானும் ஒரு கேள்வி எழுதியிருந்தேன், ஆனால் பொதுமக்கள் கேள்விக்கான கெடு முந்தின நாளே முடிந்துவிட்டது என்று ஒரு வரிப் பதில் வந்தது. கெடு ஒவ்வொரு கவுன்சிலுக்கும் ஒவ்வொரு மாதிரி. கூட்ட நிரலும் அறிக்கைகளும் பொதுவாகக் கூட்டத்துக்கு ஐந்து வேலை நாள் முன்பே வெளியாகிவிடும். கவுன்சில் தளத்தில் கமிட்டியின் பெயரைத் தேடினால் கிடைக்கும். நூறு பக்கம் இருந்தால் பயப்பட வேண்டாம், முதல் மூன்று பக்கமும் கடைசியில் இருக்கும் சமத்துவத் தாக்க மதிப்பீடும் போதும். அந்த மதிப்பீட்டில்தான் ஆங்கிலம் வராதவர்கள், கார் இல்லாதவர்கள், முதியவர்கள் பற்றி எழுதியிருப்பார்கள், அல்லது எழுதாமல் விட்டிருப்பார்கள். விட்டிருந்தால் உங்கள் கேள்வி அதுதான்.

கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். விசா காட்டச் சொல்ல மாட்டார்கள், குடியுரிமை கேட்க மாட்டார்கள். பாதியில் எழுந்து போனாலும் யாரும் முறைக்க மாட்டார்கள். சில விஷயங்களுக்கு மட்டும் ரகசியம் என்று சொல்லி வெளியே இருக்கச் சொல்வார்கள், அது வழக்கம்தான்.

லண்டனுக்கு வெளியே இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பல இடங்களில் இரண்டு அடுக்குக் கவுன்சில். ஆஸ்பத்திரியைக் கேள்வி கேட்பது மேலே உள்ள கவுண்டி, கட்டட அனுமதி தருவது கீழே உள்ள டிஸ்ட்ரிக்ட். தப்பான இடத்துக்கு எழுதினால் பதில் வரவே ஒரு மாதம் ஓடிவிடும்.

அப்புறம், சொந்தக் குறையை இந்தக் கமிட்டியிடம் கொண்டுபோகாதீர்கள். அம்மாவுக்கு ஊசி தவறிப் போட்டார்கள், வார்டில் மரியாதை இல்லாமல் பேசினார்கள் என்றால் முதலில் ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் பால்ஸ் என்ற நோயாளி உதவி அலுவலகம். அங்கே தீராவிட்டால் முறையான புகார், பொதுவாக 12 மாதத்துக்குள். அதிலும் திருப்தி இல்லையென்றால், தீராத புகார்களைத் தனியாக விசாரிக்கும் சுகாதாரத்துக்கான ஒம்புட்ஸ்மன். டாக்டரிடம் போகும்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் என்எச்எஸ் இலவசமாகத் தரும், கேட்க வேண்டியது நாம்தான். எட்டு வயதுப் பிள்ளையை வைத்துப் பாட்டியின் நோயை மொழிபெயர்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், தயவுசெய்து.

கடைத்தெரு மாறும்போது

நகர மையம் ஆஸ்பத்திரியிலிருந்து தள்ளியிருக்கும் விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டும் ஒரே கட்டடத்துக்குள் வந்துவிடுகின்றன. பெரிய கடைகள் காலியானதும் அந்த இடத்தில் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை மையங்கள் திறக்கிறார்கள். வடக்கு லண்டனில் வுட் கிரீன் மாலில் 2022ல் அப்படி ஒன்று வந்தது, அதே ஆண்டு பார்ன்ஸ்லியின் கிளாஸ் வொர்க்ஸ் வளாகத்திலும் ஒன்று. காய்கறி வாங்கப் போகும் இடத்திலேயே ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரலாம். எனக்கு இது பிடித்திருக்கிறது.

ஆனால் நகர மையத் திட்டங்களின் வண்ணப் படங்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். படத்தில் எப்போதும் வெயில் அடிக்கும். தெற்கு லண்டனில் குராய்டனில் விட்கிஃப்ட் சென்டர் என்ற கடை வளாகத்தை இடித்துப் பெரிய மால் கட்ட வெஸ்ட்ஃபீல்டு, ஹாமர்சன் என்ற இரண்டு நிறுவனங்கள் 2013ல் கைகோத்தன. பத்து ஆண்டு தாண்டியும் அந்த மால் எழவில்லை. இதற்கிடையில் 2020 நவம்பரில், செலவுக்குப் பணமில்லை என்று கவுன்சிலே அறிவிக்க வேண்டி வந்தது. அதற்குக் காரணங்கள் பல, அது தனிக்கதை. இப்படிப்பட்ட திட்டத்தை மக்களுக்குக் காட்டும் கண்காட்சிக்குப் போனால் நான் கேட்கும் கேள்விகள் மூன்று: பணம் யாருடையது, எந்தத் தேதிக்குள் செலவழிக்க வேண்டும், கட்டுபவர் விலகினால் கவுன்சில் கையில் என்ன மிஞ்சும்.

கட்டட அனுமதி கேட்டிருந்தால் விளக்குக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறையில் ஒரு அறிவிப்பு கட்டியிருப்பார்கள். கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாள் உண்டு. வீட்டின் விலை குறையும், ஜன்னலிலிருந்து காட்சி மறையும் என்று எழுதினால் கணக்கில் எடுக்க மாட்டார்கள். வெளிச்சம், போக்குவரத்து, சத்தம், பிறர் வீட்டுக்குள் பார்வை விழுவது என்று எழுதினால் எடுப்பார்கள். முந்நூறு வீடு வருகிறது, ஏற்கெனவே ஜிபியிடம் நேரம் கிடைப்பதில்லை என்பதும் எழுதத்தக்கதே. கட்டுபவரிடமிருந்து செக்ஷன் 106 என்ற ஒப்பந்தத்தின் வழியே கிளினிக்குக்கு இடமோ பணமோ வாங்க கவுன்சிலுக்கு வழி இருக்கிறது. உங்கள் பெயரோடு கருத்து எல்லோரும் பார்க்கும்படி வெளியாகும், அதை மனதில் வைத்து எழுதுங்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கடை லீஸ், வாடகைக்கு இருப்பவரைக் காக்கும் 1954 சட்டத்தின் பாதுகாப்புக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே எழுதி வாங்கிவிட்டார்களா என்று கையெழுத்துப் போடும் முன் சொலிசிட்டரிடம் கேளுங்கள். வெளியே என்றால், தெரு புதுப்பிக்கப்படும் நாளில் லீஸைப் புதுப்பிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. வடக்கு லண்டனில் செவன் சிஸ்டர்ஸ் ஸ்டேஷனுக்கு மேலே இருக்கும் வார்ட்ஸ் கார்னர் சந்தையில் லத்தீன் அமெரிக்க வியாபாரிகள் நடத்திய போராட்டம் நமக்கும் பாடம்தான். இடித்துக் கட்ட ஹாரிங்கே கவுன்சில் தந்த அனுமதியை, இனச் சமத்துவக் கடமையைச் சரியாக எண்ணிப் பார்க்கவில்லை என்று 2010ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகும் திட்டம் வேறு உருவில் வந்தது. 2021ல்தான் கட்டுமான நிறுவனம் விலகியது.

கடைசியாக ஓட்டு. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள். அந்த நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவோடு இங்கே வசித்தால், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாமலே கவுன்சில் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். மாணவர் விசாவும் வேலை விசாவும் இதில் சேரும். பதிவு தானாக நடக்காது, நீங்கள்தான் செய்ய வேண்டும். என்ஐ (தேசியக் காப்பீடு) எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஐந்து நிமிடம். சாவடிக்குப் போகும்போது படமுள்ள அடையாளம் வேண்டும், நம் ஊர் பாஸ்போர்ட்டே செல்லும். எங்கள் வார்டில் கதவைத் தட்டிக்கொண்டு வந்த வேட்பாளரிடம் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, ஸ்கேன் மையத்துக்கு நேர் பஸ் எப்போது வரும் என்பது. அவர் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார்.