கூலி போடும் காட்சியை மூன்று முறை படியுங்கள்

கட்டுரை எழுத ஒரு கதையைப் படிக்கிறீர்கள்; அது ஏற்காடு காபித் தோட்டத்தில் நடக்கிற கதை என்று வைத்துக்கொள்வோம். துரை நல்லவர் என்று கதைசொல்லி சொன்னால் உடனே நம்ப வேண்டாம். அவர் என்ன செய்கிறார், யாரை எப்படிக் கூப்பிடுகிறார் என்று பென்சிலால் கோடிடுங்கள்.

கூலி போடும் காட்சி வந்தால் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். பழம் பறித்த பெண்ணுக்குப் பெயர் இருக்கிறதா? ஒரு வரியாவது பேசுகிறாளா? இது பெண்ணியப் பார்வை. அவள் கூடையை நிறுப்பது யார், கணக்கு எழுதுவது யார்? இது வர்க்கப் பார்வை. அப்புறம் காலனியப் பார்வை: ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில். அதற்கு முன்பே அங்கே வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினர் (கேரள மலையாளிகள் அல்ல) கதையில் எங்கே?

ஒரு வாசிப்புக்கு ஒரு பார்வை போதும். கட்டுரை எழுதும்போது, கதையிலிருந்து வரியைக் காட்ட முடியாத கருத்தை அடித்துவிடுங்கள்.