நிறுத்தி வைக்கும் கேரவனில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள்

கேரவன் டிரெய்லரை இரண்டு வாரத்துக்கு மேல் வெளியே எடுக்கப் போவதில்லை என்றால், பேட்டரியை முழுசாக சார்ஜ் ஏற்றிவிட்டு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வையுங்கள். பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பேனர் போதும்.

உள்ளே எல்லா சுவிட்சையும் அணைத்தாலும் ஸ்டீரியோ, கேஸ் அலாரம் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். சென்னையின் மே வெயிலில் பேட்டரி தானாகவும் வேகமாக இறங்கும். லெட்-ஆசிட் பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது. கேபிளைக் கழற்றினால் கேஸ் அலாரமும் அணைந்துவிடும் என்பதால் சிலிண்டர் வால்வை மறக்காமல் மூடுங்கள். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டியென்றால் டெர்மினலில் கொஞ்சம் வாசலினும் தடவிவிடலாம்.

சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் வைத்த சோலார் பேனல் நல்ல வெயிலில் இருந்தால் கேபிளைக் கழற்றத் தேவையில்லை. லித்தியம் பேட்டரிக்கு முழு சார்ஜ் வேண்டாம், பாதி அளவு இருக்கும்போதே கழற்றுங்கள்.