மழைக்கு ட்ரிப் விழுகிற பழைய வீடு: பாஸ் பிடிப்பதிலிருந்து வயர் மாற்றுவது வரை

மாரி தொடங்கி இரண்டு மழை விழுந்ததும் மட்டக்களப்பில் வயரிங் பாஸ்மாரின் (மின் வேலைக்காரரின்) போன் அடிக்கத் தொடங்கிவிடும். "பாஸ், ட்ரிப் நிக்குதில்ல, ஒருக்கா வந்துட்டுப் போங்க." ட்ரிப் என்பது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து வீட்டுக் கரண்டை வெட்டும் சுவிட்ச். வருகிறவர்கள் இரண்டு வகை. ஒருவர் பலகையைத் திறந்து, ட்ரிப் சுவிட்சுக்கு வருகிற வயரையும் அதிலிருந்து போகிற வயரையும் நேரே சேர்த்து முறுக்கி, "இனி விழாது அண்ணன்" என்று காசு வாங்கிப் போவார். மற்றவர், "எந்த நேரம் விழுது? மோட்டர் போட்டாத்தானா, சும்மாவுமா?" என்று கேட்பார். அந்த இரண்டாவது ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி, அவரைக் கொண்டு எந்த ஒழுங்கில் வேலை செய்விப்பது என்பதுதான் இந்தப் பதிவு. நீங்களே ஸ்குரூ டிரைவரோடு இறங்கச் சொல்லவில்லை.

படி 1: எதையும் திறக்காமல் வீட்டைச் சுற்றிப் பாருங்கள்

பகல் வெளிச்சத்தில் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு மீற்றரிலிருந்து தொடங்குங்கள். மீற்றரும் அதன் பக்கத்துக் கட்-அவுட்டும் (வீட்டுக்கு வரும் லைனின் பிரதான பியூஸ்) மின்சார சபையின் சொத்து. சீல் வைத்த அந்தப் பகுதியில் எந்தப் பாஸும் கை வைக்கக் கூடாது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் உங்கள் பொறுப்பு.

மெயின் பலகையில் பீங்கான் பியூஸா, எம்.சி.பியா (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானாக விழும் சிறு சுவிட்ச்), ட்ரிப் சுவிட்ச் உண்டா என்று எழுதுங்கள். பீங்கான் பியூஸ் உள்ள வீடுகளில், அடிக்கடி எரிகிறது என்று யாரோ ஒரு காலத்தில் பியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றி வைத்திருப்பது உண்டு. உள்ளே வயர் எரிந்து தீர்ந்தாலும் அது உருகாது.

பிறகு அறை அறையாக. பிளக் பேஸில் (பிளக் செருகும் சொக்கற்றில்) கருகின தடம், ஏர்த் துளையில்லாத இரண்டு துளைப் பேஸ், மரச்சட்டத்தின் மேல் தகரக் கிளிப் அடித்து ஓடும் றப்பர் வயர், ஓட்டுக்குக் கீழே அணில் கடித்த இடம், கிணற்று மோட்டருக்குப் போகும் வயரில் ரேப் சுற்றின மூட்டு எல்லாவற்றையும் குறியுங்கள். கல்லடி, நிந்தவூர், திருக்கோவில் என்று கடலை ஒட்டிய ஊர்களில் உப்புக் காற்று பட்டு பேஸுக்குள் இருக்கும் பித்தளை முனைகள் பச்சைக் களிம்பு பூத்துப் போகும். வெளியே பேஸ் புதிதாகத் தெரியும். உள்ளே அந்தக் களிம்பில் மூட்டுச் சூடாகிக்கொண்டிருக்கும். எனவே கழற்றிக் காட்டச் சொல்லிப் பாஸிடம் கேட்க வேண்டிய முதல் இடம் இதுதான். 2004 சுனாமியில் தண்ணீர் ஏறி, பிறகு பூசி நிறமடித்துக் குடியிருக்கும் வீடென்றால், அன்று சுவருக்குள் கிடந்த வயரைச் சோதித்துப் பார்ப்பதில் காசைச் செலவழிக்காதீர்கள். மாற்றுங்கள்.

பிரிட்ஜைத் தொட்டாலோ தண்ணீர்க் குழாயைத் திறந்தாலோ 'சுர்' என்கிறதா? கொப்பியை மூடிவிட்டு மெயினை அணையுங்கள். அது அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கிற வேலையல்ல.

படி 2: ட்ரிப் ஏன் தேவை என்பதை ஒரு கணக்கால் புரிந்துகொள்ளுங்கள்

நம் வீடுகளுக்கு ஏர்த் என்பது நிலத்தில் இறக்கின சொந்தக் கோல்தான். மணல் நிலத்தில் அதன் தடை 100 ஓம் என்று வைப்போம். பிரிட்ஜின் உடம்பில் லைவ் வயர் பட்டுவிட்டது. 230 வோல்ற்றை 100 ஆல் பிரித்தால் 2.3 அம்பியர். நிலத்துக்குள் போவது அவ்வளவுதான். 5 அம்பியர் பியூஸோ 6 அம்பியர் எம்.சி.பியோ இதைக் கணக்கில் எடுக்காது. பிரிட்ஜ் கரண்டோடு அப்படியே நிற்கும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச்தான் கண் இமைக்கும் நேரத்தில் விழும். அதை நேரே போட்டுவிட்ட வீட்டில் உயிரைக் காக்க வேறொன்றும் இல்லை.

ஆகவே ட்ரிப் விழுந்தால் எங்கோ கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். எங்கே என்று ஓரளவு நீங்களே பார்க்கலாம். எல்லா எம்.சி.பிகளையும் கீழே இறக்கி, ட்ரிப்பை மேலே போட்டு, எம்.சி.பிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தப் பக்கத்தில்தான் கசிவு. எல்லாம் இறங்கியிருக்கும்போதே ட்ரிப் நிற்கவில்லையென்றால், எங்கோ நியூற்றல் ஏர்த்தில் படுகிறதா என்று சந்தேகப்படலாம், சாதாரண எம்.சி.பி லைவை மட்டும்தான் வெட்டும். இதையும் எழுதி வையுங்கள், பாஸுக்கு அரை நாள் மிச்சம்.

படி 3: வீடு எவ்வளவு இழுக்கிறது?

30 அம்பியர் தனிப்பேஸ் (single phase) இணைப்பென்றால் 230 ஆல் பெருக்க 6900 வற். கேத்தல் 2000, அயர்ன் 1000, ஏசி 1200, சோற்றுக் குக்கர் 700, மோட்டர் 750. பெருநாள் காலையோ பொங்கல் காலையோ இவை ஒன்றாக ஓடினால் 5650. இடம் இருக்கிறது, ஆனால் இரண்டாவது ஏசிக்கு முன்னால் யோசிக்க வேண்டும். மூன்று பேஸ் (three phase) இணைப்பு எடுப்பது பாஸின் வேலையல்ல, மின்சார சபைப் பிரதேச அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டியது.

இதைவிடப் பெரிய ஆபத்து பிளக்கில் இருக்கிறது. பழைய வீடுகளில் லைற்றுக்கு ஓடிய 1/1.13 வயரிலேயே 5 அம்பியர் உருண்டை முள் பேஸையும் கொழுவியிருப்பார்கள். 1/1.13 என்றால் 1.13 மில்லிமீற்றர் விட்டத்தில் ஒற்றைக் கம்பி, பரப்பு 1 சதுர மில்லிமீற்றர். ரேடியோவுக்கும் மேசை பானுக்கும் அது போதும். இப்போது சதுர முள் 13 அம்பியர்தான் நாட்டின் தரம் என்பதால், பழைய பேஸைக் கழற்றி அதே வயரில் 13 அம்பியர் பேஸைப் பூட்டிவிடுகிறார்கள். பார்க்க நவீனம். அதில் கேத்தலும் அயர்னும் செருகினால் சூடாவது சுவருக்குள் இருக்கும் வயர். 13 அம்பியர் பேஸுக்கு 7/0.67, அதாவது ஏழு கம்பி கொண்ட 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் புதிதாக இழுக்க வேண்டும். பேஸ் மட்டும் மாற்றித் தருகிறேன் என்கிறவரிடம் பின்னால் என்ன வயர் என்று கேளுங்கள்.

படி 4: ஆள் பிடிப்பது

ஹார்ட்வெயார் கடையில் கேட்பது நல்ல தொடக்கம். யார் மலிவு வயர் கேட்டு வருகிறார், யார் அளவு சொல்லி வாங்குகிறார் என்பது கடைக்காரருக்குத் தெரியும். அண்மையில் வீட்டு வேலை முடித்த உறவினரிடமும் கேளுங்கள். கோவில் திருவிழாவுக்கு அலங்கார விளக்குக் கட்டுகிற தம்பியைப் பலர் கூப்பிடுகிறார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் பத்து நாளில் கழற்றப் போகிற வேலையும் முப்பது வருடம் சுவருக்குள் கிடக்கப் போகிற வேலையும் ஒன்றல்ல.

என்.வி.கியூ (தேசிய தொழிற் தகைமை) சான்றிதழ் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. இல்லாத மூத்த பாஸ்மாரிலும் அருமையான ஆட்கள் உண்டு, அதனால் எல்லாரிடமும் இந்த மூன்றையும் கேளுங்கள்:

- "மழைக்கு ட்ரிப் விழுது பாஸ், என்ன செய்யலாம்?" 'நேர போட்டு உடுவம்' என்றால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.
- "உங்களிட்ட மெகர் இருக்கா?" இன்சுலேசனை 500 வோல்ற்றில் அளக்கும் கருவி அது. டெஸ்ரர் பேனை மட்டும் வைத்திருப்பவர் கசிவை ஊகிக்கத்தான் முடியும்.
- "ஏர்த்தை அளந்து தருவீங்களா?"

மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்கிறவர் கொஞ்சம் கூடக் கேட்டாலும் அவரையே பிடியுங்கள்.

படி 5: கணக்குப் பேசுவது

கூலி பொயின்ற் கணக்கு அல்லது நாட்கூலி. பொயின்ற் என்றால் எது என்று முதலே தீர்த்துக்கொள்ளுங்கள். மாடிப்படிக்கு மேலும் கீழுமாக இரண்டு சுவிட்சில் எரியும் ஒரு லைற் ஒன்றா இரண்டா? சுவர் வெட்டுவதும் திரும்பப் பூசுவதும் யார்? பழைய வயரைக் கழற்றுவதற்குத் தனிக் காசா? ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பம் வைத்தால் போதும். கடைசித் தொகையைச் சோதனை முடிந்த பிறகு கொடுப்பதாக அதிலேயே எழுதுங்கள்.

சாமானை நீங்களே பாஸோடு போய் வாங்குங்கள். வயரின் உறையில் எஸ்.எல்.எஸ் (இலங்கைத் தரநிலை) குறியும் அளவும் அச்சாகியிருக்க வேண்டும். 7/0.67 என்று சொன்னால் முனையை விரித்து ஏழு கம்பி எண்ணிப் பார்க்கலாம், கடைக்காரர் கோபிக்கமாட்டார்.

படி 6: வேலை நடக்கும்போது

ஒழுங்கு முக்கியம்: முதலில் ஏர்த், பிறகு ட்ரிப்போடு புதிய பலகை, பிறகு மோட்டரும் சமையலறையும், கடைசியில் அறைகள். காசு இடையில் முடிந்தாலும் ஆபத்தான பகுதி அதற்குள் தீர்ந்திருக்கும்.

ஏர்த்தைக் கச்சான் காற்று வீசி நிலம் காய்ந்திருக்கும் மாதங்களில் அளப்பது நல்லது. மாரியில் அளந்தால் எண் அழகாக வரும், ஆடியில் அது ஏறிவிடும். 200 ஓமைத் தாண்டினால் இன்னொரு கோல் இறக்கி இணைக்கச் சொல்லுங்கள். வயரிங் வேலை முழுவதற்குமே மழைக்கு முந்திய மாதங்கள்தான் வசதி.

லைற்றுக்கு 6 அம்பியர் எம்.சி.பி, 2.5 சதுர மில்லிமீற்றரில் தனியாகப் போகும் 13 அம்பியர் பேஸ் வரிசைக்கு (சர்க்கிட்டுக்கு) 20 அம்பியருக்கு மேற்படாதது. மோட்டருக்கும் ஏசிக்கும் தனித்தனி. வெள்ளம் ஏறும் படுவான்கரைப் பக்கத்து வீடுகளில் பேஸ்களை இடுப்புக்கு மேலே வையுங்கள், அடிச்சுவரில் வேண்டாம். சுண்ணாம்புச் சாந்துச் சுவரை வெட்டினால் கொட்டிக்கொண்டே இருக்கும், பி.வி.சி கேசிங் வெளியே ஓடினால் அழகு குறைவு, ஆனால் சுவர் தப்பும்.

பழைய நிறம் சிவப்பு லைவ், கறுப்பு நியூற்றல். புதியது மண்ணிறம் லைவ், நீலம் நியூற்றல். ஏர்த் முன்பு பச்சை, இப்போது பச்சை-மஞ்சள். பாதி வீட்டை மட்டும் மாற்றினால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் பெயர் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் போனில் படமெடுங்கள். பிறகு சுவாமிப் படத்துக்கு ஆணி அடிக்கும்போது உதவும்.

படி 7: காசு கொடுக்குமுன் சோதனை

மெகரில் ஒவ்வொரு வரிசையும் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. சுவிட்சை அணைத்தபின் ஹோல்டரில் லைவ் நிற்கிறதா என்று பாஸ் காட்ட வேண்டும். நின்றால் சுவிட்ச் நியூற்றலை வெட்டுகிறது, திருத்த வேண்டும். ட்ரிப்பில் உள்ள 'ரி' (T, டெஸ்ற்) பொத்தானை அமத்தினால் உடனே விழ வேண்டும். இதை மாதம் ஒருமுறை நீங்களும் செய்யுங்கள். ஏர்த் அளவையும் எந்த எம்.சி.பி எந்த அறைக்கு என்பதையும் எழுதி பலகைக் கதவின் உள்ளே ஒட்டுங்கள்.

மீற்றருக்கு முன்னால், அதாவது தூணிலிருந்து வரும் பக்கத்தில் பொறி தெறித்தாலோ வயர் தொங்கினாலோ பாஸைக் கூப்பிடாமல் மின்சார சபைக்கு 1987 இல் சொல்லுங்கள்.

இன்னொன்று, முதல் நாளே பேச வேண்டியது: கழற்றின பழைய வயர் யாருக்கு? உள்ளே இருப்பது செப்பு, பழைய இரும்புக் கடையில் நல்ல விலை போகும். சில பாஸ்மார் அதைத் தங்கள் கூலியோடு சேர்த்தே கணக்குப் பண்ணியிருப்பார்கள். பேசாமல் விட்டால், அவ்வளவு நாளும் தம்பி, அண்ணன் என்று பழகியவர்கள் கடைசி நாள் படலையடியில் முகம் சுளித்துக்கொள்ள வேண்டி வரும்.