படகுத்துறைத் தூண்டில் கோலைச் சொந்தமாகக் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டி முடித்த தூண்டில் கோல் கைக்கு ஒத்துவராமல் போவதற்கான காரணம் பெரும்பாலும் பசையைத் திறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகிறது. மீன்பிடி நூல் ஓடும் வளையங்களைக் கோலில் கட்டிய நூல்சுற்றின் நேர்த்தியும், இரு திரவங்களைக் கலந்து இறுகவைக்கும் எப்பாக்ஸியின் பளபளப்பும்தான் முதலில் கண்ணில் படும் என்பதால், புதிதாகக் கட்டுவோர் தம் கவனம் முழுவதையும் அங்கே செலவழிக்கிறார்கள். அந்தக் கோல் எங்கே, எவ்வளவு உயரத்தில், எந்தத் தடுப்பின் பின்னால் நின்று பிடிக்கப்போகிறது என்ற கேள்வியோ யாராலும் கேட்கப்படாமலே போகிறது. சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து கடலுக்குள் 250 மீட்டர் நீண்டிருக்கும் பிடோக் படகுத்துறையை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ஏனெனில் நான் கட்டிய கோல்களின் குறைகள் எல்லாம் எனக்கு அங்கேதான் வெளிச்சமாயின.

நீளத்தில் தொடங்கலாம். கடற்கரை மணலில் நிற்பவர் அலை உடையும் இடத்தைத் தாண்டி ஈயக்குண்டை எறிய வேண்டியிருப்பதால் அவருக்கு 13 அல்லது 14 அடிக் கோல் தேவைப்படுகிறது. படகுத்துறையில் நிற்பவரோ ஏற்கெனவே ஆழமான நீருக்கு மேல் நிற்கிறார். வார இறுதி இரவில் இருபுறமும் ஆட்கள் நெருங்கி நிற்க, 14 அடிக் கோலைப் பின்னால் கொண்டுபோய் வீச அங்கே இடமே கிடையாது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. படகில் பயன்படும் 6 அடிப் பிளாங்க்கை, அதாவது எதுவும் பொருத்தப்படாத வெறும் கோலை, வாங்கினால், மீன் துறைக்கு அடியில் ஓடும்போது கோலின் நுனி தடுப்பைத் தாண்டிப் போதிய தூரம் நீளாது. நூல் சிமெண்ட் விளிம்பிலும், தூண்களில் ஒட்டியிருக்கும் கொட்டலசிலும் உரசி அறுந்துபோகும். பெரிய ஓத நாட்களில் நீர்மட்டம் 2 மீட்டருக்கு மேல் இறங்குவதால், காலையில் சரியாக இருந்த கோணம் மாலையில் இருப்பதில்லை. என் கணக்கில் 9 முதல் 11 அடி வரை இங்கே பொருந்தும். லிஃப்டிலும் ரயிலிலும் கொண்டுசெல்ல வேண்டியவர்கள் இரண்டாகப் பிரியும் பிளாங்க்கையே தேர்ந்தெடுப்பது நல்லது.

அடுத்தது பிளாங்க்கின் பொருள். எடை குறைவாகவும் விறைப்பாகவும் இருக்கும் உயர்தரக் கார்பன் கடையில் ஆட்டிப் பார்க்கும்போது மனத்தைக் கவரும். ஆனால், படகுத்துறையில் கோல் தடுப்பின் மேல் சாய்த்து வைக்கப்படுகிறது, இரும்பில் இடிபடுகிறது, ஈயக்குண்டு பக்கவாட்டில் மோதுகிறது. மெல்லிய கார்பன் சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் விழும் அந்தச் சிறு அடி, பல வாரங்கள் கழித்து ஒரு திருக்கை இழுக்கும்போதே முறிவாக வெளிப்படும். கண்ணாடி இழையோ, கார்பனும் கண்ணாடியும் கலந்ததோ சற்றுக் கனம்தான். இருந்தாலும் அந்த அடிகளைத் தாங்கிக்கொள்ளும். மீனைக் கோலாலேயே தூக்கிவிடலாம் என்று எண்ணித் தடித்த பிளாங்க்கை வாங்குவதும் வீண் செலவு. கோலைச் செங்குத்தாக்கி, அதற்கும் பின்னால் சாய்த்துத் தூக்கும்போது பாரம் முழுவதும் மெல்லிய நுனியில் குவிவதால், எவ்வளவு தடித்த பிளாங்க்கும் முறியக்கூடும். பெரிய மீனுக்குக் கயிற்றில் இறக்கும் வளைய வலைதான் வழி.

கைப்பிடியின் நீளத்தைப் படங்களைப் பார்த்து முடிவு செய்வது அடுத்த தவறு. நூல் சுருட்டும் ரீலைக் கோலில் பூட்டும் ரீல் சீட்டுக்குக் கீழே உள்ள பகுதி நீளமாக இருந்தால் இரு கைகளால் வீசும்போது நெம்பும் விசை கூடும் என்பது உண்மை. ஆனால், தடுப்பை ஒட்டி நின்று மீனுடன் போராடும்போது அதே நீளம் தடுப்பில் சிக்கும், விலாவில் குத்தும். ரீலைத் தற்காலிகமாக டேப்பால் பிளாங்க்கில் கட்டி, வழக்கமாக அணியும் உடையுடன், இடுப்பளவு மேசை ஒன்றின் முன் நின்று, வீசுவது போலவும் சுருட்டுவது போலவும் பத்து முறை செய்து பாருங்கள். உங்கள் கை எங்கே இயல்பாகப் போய் நிற்கிறதோ அங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பிளாங்க்கின் ‘முதுகெலும்பு’ பற்றி இங்கே ஒரு வார்த்தை. இழைத்துணியை உருளையில் சுற்றித் தயாரிக்கும்போது துணியின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பக்கம் சற்று விறைப்பாக அமைகிறது. அதைத் தவறாகக் கணித்தால் கோல் கையில் முறுக்கிக்கொள்ளும் என்று பலர் அஞ்சி, மணிக்கணக்கில் உருட்டிப் பார்க்கிறார்கள். வளையங்கள் மேல்பக்கம் இருக்கும் கோலில் முறுக்கை உண்டாக்குவது முதன்மையாக நூலின் இழுவைதான். என் பார்வையில், பிளாங்க்கின் நேரான அச்சைப் பார்த்து வளையங்களை அமைப்பதே முக்கியம்; முதுகெலும்பு அதற்குப் பிறகுதான்.

உண்மையில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் கைடு எனப்படும் வளையங்களின் வரிசை. நான் என் முதல் கோலுக்கு வேறொரு பிளாங்க்கிற்காகத் தயாரிக்கப்பட்ட அட்டவணையை அப்படியே நகலெடுத்தேன். வெறுமனே பிடித்துப் பார்க்கையில் எல்லாம் அழகாகவே இருந்தது. பாரம் ஏறியதும் இரண்டு வளையங்களுக்கு இடையே நூல் பிளாங்க்கின் மேல் படிந்து தேய்ந்தது. ஒவ்வொரு பிளாங்க்கும் வளையும் விதம் வேறு என்பதால், எந்த அட்டவணையும் தொடக்கப் புள்ளி மட்டுமே. கோலின் நீளம் எத்தனை அடியோ அதைவிட ஒன்று கூடுதலாக வளையங்கள் என்ற பழைய கணக்கும் அப்படித்தான்.

சரியான முறை எளியதுதான். வளையங்களைச் சிறு ரப்பர் பட்டைகளால் பிளாங்க்கில் பொருத்தி, நூலைக் கோத்து, கைப்பிடியைச் சுவரிலோ மேசையிலோ இறுகப் பிணைத்து, நுனி நன்றாக வளையும் வரை எடையைக் கட்டித் தொங்கவிட வேண்டும். ரீல் அடியில் தொங்கும் ஸ்பின்னிங் ரீல் கோலில் வளையங்கள் கீழ்ப்பக்கம் இருப்பதால், நூல் பிளாங்க்கின் வளைவை ஒட்டிச் செல்கிறதா, எங்கேனும் கூர்மையாக மடிகிறதா என்று பார்ப்போம். மடிந்தால் அந்த இடத்தில் வளையங்களை நெருக்க வேண்டும். ரீல் மேலே அமரும் ஓவர்ஹெட் ரீல் கோலில் வளையங்கள் மேலே இருப்பதால், கோல் வளையும்போது நூல் பிளாங்க்கைத் தொட்டு அதற்குக் கீழேயும் இறங்கிவிடும். அதனால் அங்கே வளையங்கள் கூடுதலாகத் தேவைப்படும், அல்லது வளையங்களைப் படிப்படியாகக் கீழ்ப்பக்கம் திருப்பும் சுருள் அமைப்பு தேவைப்படும். இதெல்லாம் முடிந்த பிறகு, ரப்பர் பட்டைகளின் மேல் டேப்பையும் ஒட்டி, திறந்த வெளியில் வீசிப் பார்த்துவிடுவது நல்லது. வீட்டுக்குள் தெரியாத குறைகள் அங்கே வெளிப்படும். குறிப்பாக, எடை குறையட்டும் என்று மிகச் சிறிய வளையங்களைப் போட்டிருந்தால், பின்னல் நூலான பிரெய்டையும் தூண்டில் பக்கம் வரும் முன்நூலையும் இணைக்கும் முடிச்சு ஒவ்வொரு வீச்சிலும் தட்டிக்கொண்டே போகும்.

ரீல் சீட்டை ஒட்டுவதில் ஒரு மறைவான தவறு நேர்கிறது. பிளாங்க்கிற்கும் ரீல் சீட்டின் துளைக்கும் இடையே உள்ள வெளியை நிரப்ப மாஸ்கிங் டேப்பை முழு நீளத்துக்கும் சுற்றிவிடுகிறார்கள். அப்போது பசை டேப்பைத்தான் பிடிக்கிறதே தவிர, பிளாங்க்கைப் பிடிப்பதில்லை. உப்புநீர் உள்ளே கசிந்து டேப் ஊறியதும் ரீல் ஆடத் தொடங்கும். டேப்பைக் குறுகிய வளையங்களாக, நடுவே இடைவெளி விட்டுச் சுற்றி, அந்த இடைவெளிகளைப் பசையால் முழுமையாக நிரப்ப வேண்டும். ஆர்பர் எனப்படும் கடினமான நுரை உருளைகள் கிடைத்தால் இன்னும் சிறப்பு. ஐந்து நிமிடத்தில் இறுகும் எப்பாக்ஸி இதற்கு ஏற்றதன்று. மெதுவாக இறுகும் வகையைப் பயன்படுத்தி, அது இறுகுவதற்குள் வளையங்களின் வரிசைக்கு நேராக ரீல் சீட்டைத் திருப்பிச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

கட்டும் நூலைச் சுற்றுவதற்கு முன், வளையத்தின் கால், அதாவது பிளாங்க்கின் மேல் படியும் தகடு, எப்படி இருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள். அதன் முனை தடித்திருந்தால் நூல் ஏறும் இடத்தில் இடைவெளி விழும். அடிப்பக்கம் பிசிறு இருந்தால் வளையும் ஒவ்வொரு முறையும் அது கார்பனைக் கீறும். அரத்தால் சரிவாகத் தேய்த்து, உப்புத்தாளால் மழுங்கச் செய்தால் போதும். நூலை எவ்வளவு இறுக்கமாகச் சுற்றுகிறோமோ அவ்வளவு வலிமை என்று நினைப்பது தவறு. சுற்றி முடித்த வளையத்தை விரலால் அழுத்தித் தள்ளினால் சற்றே நகர வேண்டும், இல்லாவிட்டால் வரிசையைத் திருத்த வழியிருக்காது. சாதாரண நைலான் நூல் எப்பாக்ஸி பட்டதும் நிறம் கருத்து ஊடுருவித் தெரியும் என்பதையும் முன்பே அறிந்திருங்கள். பலர் இதைக் கண்டு திடுக்கிட்டிருக்கிறார்கள். நிறம் மாறாத வகை நூல் தனியே விற்கிறது.

மேற்பூச்சு எப்பாக்ஸிதான் சிங்கப்பூரில் அதிகமாகக் கைவிட்டுப் போவது. இங்கே காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் சன்னலைத் திறந்து வைத்துப் பூசினால், மறுநாள் பளபளப்புக்குப் பதிலாக வியர்த்தது போன்ற மங்கலான மெழுகுப் படலம் எஞ்சும். அதை வெதுவெதுப்பான நீரால் கழுவித் துடைக்காமல் இரண்டாம் பூச்சைப் பூசினால் அது உரிந்துவரும். குளிர்சாதனம் ஓடிக் காற்று உலர்ந்திருக்கும் அறையில் பூசுவதே என் வழக்கம். இரு திரவங்களையும் கண்ணளவில் ஊற்றாமல், தனித்தனி ஊசிக்குழல்களால் தயாரிப்பாளர் குறித்த விகிதத்தில் அளந்து, சில நிமிடங்கள் மெதுவாகக் கலக்க வேண்டும். விரைவில் இறுகட்டும் என்று இறுக்கியைக் கூடுதலாகச் சேர்ப்பவர்களின் பூச்சு பிசுபிசுவென்றே நின்றுவிடும். ஒரே தடவையில் கனமாகப் பூசினால் அது நடுவில் தொங்கிப் பந்து போல உப்பும். மெல்லியதாக இரு பூச்சுகள் பூசி, இறுகும்வரை மோட்டாரால் மெதுவாகச் சுழலவிடுங்கள். அதற்கென்று கருவி வாங்க வேண்டியதில்லை, கோழி சுடும் அடுப்பின் மோட்டாரே போதும்.

நுனி வளையத்தை மட்டும் எப்பாக்ஸியால் ஒட்டாதீர்கள். முதலில் உடைவது அதுதான் என்பதால், சூடாக்கினால் இளகும் பசைதான் அதற்கு உரியது. பசையை உருக்கும்போதும் கழற்றும்போதும் சுடரை உலோகத்தில் மட்டுமே காட்ட வேண்டும், கார்பன் சூட்டில் கெட்டுவிடும். பூச்சு தொடுவதற்கு உலர்ந்துவிட்டது என்பதற்காக மறுநாளே துறைக்கு எடுத்துச் செல்லாமல், ஒரு வாரம் காத்திருங்கள். பிறகு ஒவ்வொரு முறை திரும்பியதும் நன்னீரில் கழுவி, மாதத்துக்கு ஒருமுறை பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்தின் உள்ளும் சுழற்றிப் பாருங்கள். பஞ்சு இழை எங்கேனும் சிக்கினால் அந்த வளையத்தில் விரிசல் இருக்கிறது, அடுத்த பயணத்துக்கு முன் மாற்றிவிட வேண்டும்.